பூனைக்குச் சர்க்கரை நோய்: இன்சுலினுக்கு முன் உணவை மாற்றுவது ஏன், எப்படி, எதுவரை?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி விலகியது. இப்போது ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்திருக்கலாம். உரிமம் வேண்டும், பூனையின் உடலில் மின்னணுச் சில்லும் வேண்டும். பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வளர்ந்த பூனைகளைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக இனி யாரும் தயங்க வேண்டியதில்லை. அப்படிப் போகிறவை நடுவயது கடந்த, கருத்தடை செய்யப்பட்ட, கொஞ்சம் பருத்த பூனைகளாக இருந்தால், எதிர்பாராத ஒரு செய்தியோடு வீடு திரும்ப வேண்டிவரலாம். பூனைக்குச் சர்க்கரை.

இதைக் கேட்டவர்கள் குழம்புவது பெரும்பாலும் மூன்று இடங்களில். நம் வீட்டு நோயாளிக்குச் சொல்லப்படும் பத்தியத்தையே பூனைக்கும் வைக்கலாமா? ஊசிக்குப் பயந்து, முதலில் உணவிலேயே கட்டுப்படுத்திப் பார்க்கலாமா? ஊசி தொடங்கிய பிறகு உணவை மாற்றினால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்வியைத்தான் மிகக் குறைவாகக் கேட்கிறார்கள். பூனையின் உயிருக்கு நேரடியாக ஆபத்து வரக்கூடியதும் அங்கேதான்.

பூனையின் உடம்பில் நடப்பது

இரத்தத்தில் ஓடும் சர்க்கரையை உயிரணுக்களுக்குள் அனுப்புவது கணையம் சுரக்கும் இன்சுலின். நீரிழிவு வந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு இருப்பது மனிதருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. இன்சுலின் சுரக்கிறது, ஆனால் உடம்பு அதற்குச் சரியாகப் பணிவதில்லை. உடல் பருமன் இதற்கு முக்கியக் காரணம். ஆண் பூனை, வயது, வீட்டுக்குள்ளேயே அடங்கிய வாழ்க்கை, தோல் அரிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

அடுத்து நடப்பதுதான் அவசரத்துக்குக் காரணம். இரத்தத்தில் சர்க்கரை வாரக்கணக்கில் உயர்ந்தே நின்றால், அந்த உயர்வே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களை முடக்குகிறது. மருத்துவர்கள் இதைச் சர்க்கரை நச்சுத்தன்மை என்பார்கள். ஆரம்பத்தில் அந்த அணுக்கள் ஓய்ந்துதான் கிடக்கின்றன, சாகவில்லை. சர்க்கரையைச் சீக்கிரம் இறக்கினால் அவை மீள வாய்ப்பு உண்டு. காலம் கடந்தால் நிரந்தரமாக அழிந்துபோகின்றன. பூனை நீரிழிவில் காலத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். சரியான நேரத்தில் சிகிச்சை பெறும் பூனைகளில் கணிசமானவை, பிறகு ஊசியே இல்லாமல் வாழ்கின்றன. இந்த நிலையைத் தணிவுநிலை என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

மனிதருக்கான பத்தியம் ஏன் பொருந்தாது

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. அதற்குப் பிறகு முழுத்தானியம், நார்ச்சத்து, கொழுப்பைக் குறை, காய்கறி நிறையச் சாப்பிடு என்ற அறிவுரை நம் காதில் விழாத நாளில்லை. நீரிழிவு இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேட வேண்டிய நிலையில், அந்த அறிவுரை நமக்கு மனப்பாடம். பூனை விஷயத்தில் அதை ஓரமாக எடுத்துவைக்க வேண்டும்.

பூனை முழு ஊனுண்ணி. வேட்டையாடி வாழும் பூனையின் உணவில் ஏறத்தாழப் பாதிக் கலோரி புரதத்திலிருந்தும், பாதிக்குச் சற்றுக் குறைவு கொழுப்பிலிருந்தும் வருகிறது. மாவுச்சத்தின் பங்கு சுமார் 2 விழுக்காடுதான். எலியும் பல்லியும் குருவியும் அவ்வளவுதான் தரும். இந்த உணவுக்கேற்பவே அதன் உடம்பு அமைந்திருக்கிறது. உமிழ்நீரில் மாவைச் செரிக்கும் நொதி கிடையாது. உணவிலிருந்து திடீரென வந்து சேரும் சர்க்கரையைக் கல்லீரலில் பிடித்துவைக்கும் குளுக்கோகைனேஸ் என்ற நொதியின் வேலை மிகக் குறைவு. பதிலுக்கு, பூனையின் கல்லீரல் சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் புரதத்திலிருந்து சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. பூனைக்கு இனிப்புச் சுவையை உணரும் மரபணுவே வேலை செய்யவில்லை என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். ஆக, அது உலர் உணவின் பின்னால் அலைவது இனிப்புக்காக அல்ல. உருண்டைகளின் மேல் பூசப்படும் கொழுப்புக்கும் இறைச்சிச் சாறுக்கும்தான்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவுகள்:

1. பூனைக்குக் குறைக்க வேண்டியது மாவுச்சத்து. அதன் இடத்தை முதலில் புரதமும் அடுத்துக் கொழுப்பும் நிரப்ப வேண்டும்.
2. பழுப்பரிசி, ஓட்ஸ், கேழ்வரகு ஆகியவை நமக்கு நல்லவை. பூனைக்கு அவையும் மாவுதான். குத்தரிசிச் சோற்றில் குனிங் மீனைப் பிசைந்து வைப்பதும் அப்படியே.
3. பால், தயிர்சாதம், ரொட்டித் துண்டு, பிஸ்கட் எல்லாம் நிறுத்தப்பட வேண்டியவை.
4. வெந்தயம், பாகற்காய், நாவல்கொட்டைப் பொடி வேண்டாம். பூனையின் சர்க்கரையை அவை கட்டுப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவற்றைக் கலந்ததால் பூனை உணவையே வெறுத்துவிட்டால், அதுவே பெரிய ஆபத்து. அது ஏன் என்று கீழே வருகிறது.
5. குழம்பில் போட்ட மீனைக் கழுவிக்கூடக் கொடுக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கின்றன.

முதலில், நோய் உறுதியா?

பயந்த பூனைக்கு இரத்தச் சர்க்கரை தானாகவே ஏறும். கூண்டில் அடைத்து, டாக்ஸியில் கொண்டுபோய், நாய் குரைக்கும் அறையில் காக்கவைத்து ஊசி குத்தினால், நோயில்லாத பூனைக்கும் லிட்டருக்கு 16 மில்லிமோலைத் தாண்டலாம். ஓய்வாக இருக்கும் பூனைக்கு அது ஏறத்தாழ 4 முதல் 9 வரை இருக்கும். எனவே ஒரே ஒரு இரத்த அளவை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

அறிகுறிகளும் சோதனைகளும் சேர்ந்து பொருந்த வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்கிறது, நிறையச் சிறுநீர் போகிறது, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது. சில பூனைகள் பின்னங்கால்களின் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கத் தொடங்கும். நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரத்தத்தில் 14 முதல் 16 மில்லிமோலுக்கு மேல் போனால்தான் பூனையின் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். ஃபிரக்டோசமைன் சோதனை, கடந்த ஓரிரண்டு வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிறது. அன்றைய பயம் அதை மாற்றாது. நமக்கு எச்பிஏ1சி எதற்குப் பயன்படுகிறதோ, அதே வேலை. இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்பதில் தவறே இல்லை.

அதே இரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல், கணைய அழற்சி, கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். என்ன உணவு என்பதை முடிவு செய்வது இந்தப் பட்டியல்தான்.

டின்னின் முதுகில் ஒரு கணக்கு

நீரிழிவுப் பூனைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு: மொத்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கு 12 விழுக்காட்டுக்குள், புரதத்தின் பங்கு 40 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் பூனை உணவின் பொட்டலத்தில் மாவுச்சத்து எவ்வளவு என்று அச்சிடும் வழக்கம் அரிது. நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

முதல் படி: புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம், சாம்பல் ஆகிய ஐந்தையும் கூட்டி 100இலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பல் என்பது உணவை எரித்தால் எஞ்சும் தாது உப்புகளின் அளவு. அது அச்சிடப்படாவிட்டால் டின் உணவுக்கு 2, உலர் உணவுக்கு 8 என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும், கொழுப்பை 8.5ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 100 கிராமில் எத்தனை கலோரி என்பது கிடைக்கும். அதில் மாவுச்சத்தின் கலோரி எத்தனை விழுக்காடு என்று பாருங்கள்.

மூன்று மாதிரிகளைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கடைகளில் காணக்கூடிய வகைதான்; எந்த நிறுவனத்தையும் குறிப்பவை அல்ல.

1. உலர் உணவு: புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8. மீதி 34. கலோரி 333. மாவுச்சத்தின் பங்கு ஏறத்தாழ 36 விழுக்காடு.
2. இறைச்சிக் கூழ் டின்: புரதம் 11, கொழுப்பு 5, நார் 1, ஈரம் 80, சாம்பல் 2. மீதி 1. கலோரி 84.5. பங்கு ஏறத்தாழ 4 விழுக்காடு.
3. கெட்டிச் சாறு ஊற்றிய பவுச்: புரதம் 8, கொழுப்பு 3, நார் 0.5, ஈரம் 82, சாம்பல் 2. மீதி 4.5. கலோரி ஏறத்தாழ 69. பங்கு 23 விழுக்காடு.

மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஈர உணவு என்றாலே மாவு குறைவு என்று நினைத்துவிடுகிறோம். அந்தச் சாற்றைக் கெட்டியாக்குவது மரவள்ளி மாவோ கோதுமை மாவோதான். பட்டியலில் 4.5 என்று சின்னதாகத் தெரிவது, தண்ணீரை நீக்கிக் கணக்கிட்டால் இலக்கைப் போல இரு மடங்கு. 'தானியம் இல்லாதது' என்ற வாசகமும் இப்படித்தான். தானியத்துக்குப் பதில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டிருப்பார்கள்.

பொட்டலத்தில் அச்சாகும் எண்கள் பெரும்பாலும் 'குறைந்தது இவ்வளவு', 'அதிகபட்சம் இவ்வளவு' என்ற உத்தரவாதங்கள், சரியான அளவுகள் அல்ல. அதனால் நம் கணக்கில் சில புள்ளிகள் முன்பின் இருக்கும். 5க்கும் 7க்கும் இடையே மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 36ஐயும் 7ஐயும் பிரித்துக்காட்ட இந்தக் கணக்கு தாராளமாகப் போதும்.

இன்னொரு வரியையும் தேடிப் படியுங்கள். அது முழுமையான உணவா, துணை உணவா என்று எழுதியிருக்கும். வெறும் சூரைமீன் துண்டுகளைத் தண்ணீரில் அடைத்த டின்கள் இங்கே கடைகளில் நிறைய. மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை என்பதால் ஆசை வரும். ஆனால் அவற்றில் பல துணை உணவுகள். அவற்றை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்பு, வைட்டமின் பற்றாக்குறை வரும். வீட்டில் கோழியை வேகவைத்துக் கொடுப்பதும் அப்படியே. ஒரு நாள், இரண்டு நாள் சரி. அதையே நிரந்தரமாக்க வேண்டுமானால், கால்நடை உணவியல் தெரிந்தவர் எழுதித்தந்த சமையல் குறிப்பு வேண்டும். டாரின் என்ற அமினோ அமிலமும் சுண்ணாம்பும் அதில் அளந்து சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்.

மருத்துவர்கள் பரிந்துரைக்கும் நீரிழிவு உணவு நல்ல வழி. சாதாரணக் கடையில் கிடைக்கும் முழுமையான, மாவுச்சத்து குறைந்த டின் உணவும் இலக்குக்குள் வந்தால் போதுமானதே. ஆனால் 'நீரிழிவு' என்று அச்சிட்ட உலர் உணவையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். உருண்டையாகப் பிசைந்து சுட மாவு தேவைப்படுவதால், உலர் வகையில் 12க்குள் வருவது கடினம்.

உணவா, ஊசியா? வரிசைதான் விஷயம்

மாவுச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை இறங்குகிறது. சில பூனைகளுக்கு நன்றாகவே இறங்குகிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 63 நீரிழிவுப் பூனைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டுக்கும் டின் உணவே கொடுத்தார்கள். நான்கு மாத முடிவில், மாவும் நாரும் குறைந்த உணவு உண்டவற்றில் 68 விழுக்காட்டுக்கு இன்சுலின் தேவைப்படவில்லை. நடுத்தர மாவும் அதிக நாரும் கொண்ட உணவு உண்டவற்றில் அது 41 விழுக்காடு.

இதைக் காட்டி, உணவே போதும், ஊசி வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. அந்தப் பூனைகளுக்கு உணவோடு இன்சுலின் சிகிச்சையும் நடந்தது. உணவின் உதவியால் பிறகு ஊசி நிறுத்தப்பட்டது. 2009இல் வெளியான இன்னோர் ஆய்வு கிளார்ஜின் இன்சுலினையும் மாவு குறைந்த உணவையும் சேர்த்து, வீட்டிலேயே அடிக்கடி சர்க்கரை பார்த்து நடத்தப்பட்டது. நோய் கண்டறிந்து ஆறு மாதத்துக்குள் இந்த முறையில் இறங்கிய பூனைகளில் 84 விழுக்காடு தணிவுநிலைக்கு வந்தன. தாமதமாகத் தொடங்கியவற்றில் 35 விழுக்காடு. இரண்டும் சிறிய ஆய்வுகள் என்பதால், உங்கள் பூனைக்கு இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று இவற்றிலிருந்து எடுத்துவிட முடியாது. ஆனால் திசை தெளிவு: உணவும் இன்சுலினும் கைகோத்து, அதுவும் சீக்கிரமாக.

சரி, அப்படியானால் 'இன்சுலினுக்கு முன் உணவு' என்று ஏன் சொல்கிறார்கள்? காரணம் அளவு. உலர் உணவில் 36 விழுக்காடு மாவு உண்ணும் பூனைக்கு ஒரு இன்சுலின் அளவை நிர்ணயிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் கழித்து, எங்கோ படித்துவிட்டு, உணவை 5 விழுக்காட்டு டின்னுக்கு மாற்றுகிறோம். சில நாட்களிலேயே பூனையின் இன்சுலின் தேவை சரிகிறது. ஊசியின் அளவோ பழையபடியே. இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி, பூனை தள்ளாடும், சோரும், வலிப்பு வரும், செத்தும் போகலாம். நல்ல நோக்கத்தோடு செய்த உணவு மாற்றமே கொல்லும் சூழல் இது. எனவே:

1. இன்சுலின் இன்னும் தொடங்கவில்லை, பூனை சுறுசுறுப்பாக இருக்கிறது, சாப்பிடுகிறது, கீட்டோன் இல்லை என்றால், உணவை மாற்றத் தொடங்க இதுவே ஏற்ற நேரம். பிறகு வரும் இன்சுலின் அளவு புதிய உணவுக்கேற்ப அமையும்.
2. இந்த இடைவெளி நாட்கணக்கில் இருக்க வேண்டும். மருத்துவர் குறித்துக்கொடுத்த மறுசோதனைத் தேதி வரைதான் அது நீளலாம். நோய் லேசாக இருந்தாலோ ஸ்டீராய்டால் வந்திருந்தாலோ, அவர் சற்று நீட்டலாம். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது.
3. மருத்துவர் இன்றே ஊசி என்று சொன்னால், புதிய உணவுக்குப் பூனை பழகும்வரை ஊசியைத் தள்ள வேண்டாம். உணவு மாறிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். குறைந்த அளவில் தொடங்கி, அடிக்கடி பார்த்து ஏற்றுவார்கள்.
4. ஊசி ஏற்கெனவே நடக்கிறது என்றால், மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மாற்றவே கூடாது. மாற்றும் நாட்களில் வீட்டில் சர்க்கரை பார்க்கும் வசதி இருக்க வேண்டும். அளவைக் குறைக்க வேண்டிவரும்.

ஊசிக்குப் பதில் வாய்வழி மருந்துகளும் அண்மையில் வந்திருக்கின்றன. பெக்ஸாகிளிஃப்ளோசின் 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் 2023 ஆகஸ்டிலும் அமெரிக்காவில் பூனைகளுக்கு அனுமதி பெற்றன. இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. எல்லாப் பூனைக்கும் ஏற்றவை அல்ல. இரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் ஏறிவிடும் அபாயம் இவற்றில் உண்டு. ஊசியா வாய்வழி மருந்தா என்ற பேச்சை மருத்துவரிடம் நோய் கண்டறிந்த அன்றே வைத்துக்கொள்வது நல்லது. அந்த அமெரிக்க அனுமதி ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைகளுக்கானது அல்ல.

உணவு மாற்றம் காத்திருக்க வேண்டிய நேரங்கள்

வாந்தி, சாப்பிட மறுப்பு, ஒரே மூலையில் சுருண்டு கிடப்பது, மூச்சில் நகச்சாய நீக்கியின் வாடை: இவற்றில் எது இருந்தாலும் உணவைப் பற்றி யோசிக்க வேண்டாம். உடனே மருத்துவமனை, நள்ளிரவென்றால் 24 மணி நேர மருத்துவமனை. இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்து எரித்து இரத்தத்தை அமிலமாக்கியிருக்கலாம். நீரிழிவுக் கீட்டோன் அமிலநிலை என்ற அந்த அவசரத்தில் காப்பாற்றுவது நரம்புவழித் திரவமும் இன்சுலினும்தான். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகளை மருந்தகத்தில் வாங்கி வீட்டில் வைத்திருப்பது வீண்செலவல்ல.

சிறுநீரக நோயும் சேர்ந்திருந்தால் கணக்கு மாறும். அதிகப் புரத உணவுகளில் பாஸ்பரஸும் அதிகம். நோயுற்ற சிறுநீரகத்துக்கு அது சுமை. பெரும்பாலும் சிறுநீரக உணவுக்கே முன்னுரிமை தந்து, சர்க்கரையை இன்சுலினால் சமாளிப்பார்கள். கணைய அழற்சி, சிறுநீர்க் கற்கள் இருக்கும் பூனைகளுக்கும் உணவைத் தனியாகத் தீர்மானிக்க வேண்டும். அபூர்வம் என்று சொல்ல முடியாத இன்னொரு காரணம், பிட்யூட்டரி சுரப்பியின் கட்டியால் வளர்ச்சி இயக்குநீர் மிகுவது. அப்படிப்பட்ட பூனைக்கு உணவு மாற்றம் மட்டும் பெரிதாக உதவாது.

பட்டினி போட்டு மாற்றக் கூடாது

பசித்தால் தானாகச் சாப்பிடும் என்ற எண்ணம் பூனையிடம் செல்லாது. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், உடம்பின் கொழுப்பெல்லாம் கல்லீரலில் வந்து தேங்கி, அது செயலிழக்கத் தொடங்கலாம். நீரிழிவுப் பூனைக்கு இந்த ஆபத்து கூடுதல். புதிய உணவைத் தொடவில்லை என்றால் பழையதைக் கொடுத்துவிடுங்கள். பழைய உணவைச் சாப்பிடும் பூனை, எதையுமே சாப்பிடாத பூனையைவிட நல்ல நிலையில் இருக்கிறது. ஒரு முழு நாள் எதையும் தொடாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மாற்றத்துக்கு 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளலாம். பிடிவாதக்காரப் பூனைக்கு அதற்கு மேலும் ஆகும். முதலில், எப்போதும் நிரம்பியிருக்கும் உலர் உணவுக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, அதே உலர் உணவை வேளைக்கு வேளை வையுங்கள். வேளை பழகிய பிறகு, பக்கத்திலேயே ஒரு தேக்கரண்டி ஈர உணவு. பிறகு இதில் கூட்டி அதில் குறைப்பது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவின் மணம் அடங்கியிருக்கும். வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் பூனை மோந்து பார்க்கும். உலர் உருண்டைகளைப் பொடித்து மேலே தூவுவதும் பலருக்குக் கைகொடுக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் ஈர உணவு சீக்கிரம் கெடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல் எடுத்துவிடுங்கள்.

வீட்டில் இரண்டாவது பூனை இருந்தால் அதன் கிண்ணம்தான் பெரிய சிக்கல். நோயில்லாத பூனையும் மாவு குறைந்த ஈர உணவு உண்ணலாம் என்பதால், இரண்டுக்கும் ஒன்றாகவே மாற்றுவது எளிது. பருமன் கூடாமல் அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். அது முடியாவிட்டால், பூனையின் சில்லைப் படித்து அதற்கு மட்டும் திறக்கும் உணவுப் பெட்டிகள் விற்கின்றன. உரிமத்துக்காகச் சில்லு பொருத்தியாகிவிட்டது என்றால் அதுவே இதற்கும் உதவும்.

பூனைக்கு உணவு வைப்பவர் ஒருவராக இருப்பதில்லை. பாட்டி ஒரு பக்கம் பால் வைப்பார், பணிப்பெண் ஒரு பக்கம் கிண்ணத்தை நிரப்புவார், பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் தின்பண்டம் நீட்டும். எல்லாருக்கும் தெரியும்படி, என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். உணவு வைத்தவர் நேரத்தையும் மிச்சத்தையும் குறிக்க வேண்டும். இன்சுலின் தொடங்கும்போது, பூனை சாப்பிட்டதா என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் ஊசி போடக் கூடாது. அந்தப் பழக்கத்தை இப்போதே கொண்டுவருவது வேலையை எளிதாக்கும்.

எவ்வளவு கொடுப்பது

5 கிலோ எடை இருக்க வேண்டிய வீட்டுப் பூனைக்குத் தொடக்கக் கணக்காக நாளுக்கு 230 கலோரி வைத்துக்கொள்ளலாம். 4 கிலோவுக்கு 200. மேலே பார்த்த உலர் உணவில் 230 கலோரி என்பது 70 கிராம். இறைச்சிக் கூழ் டின்னில் அது 270 கிராம், அதாவது 85 கிராம் டின் மூன்றுக்குச் சற்று மேல். கிண்ணம் நிறைய இருக்கிறதே என்று பயந்து குறைத்துவிட வேண்டாம். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்.

பருத்த பூனை மெதுவாக இளைக்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு விழுக்காடு போதும். ஏற்கெனவே எலும்பு தெரிய இளைத்துவிட்ட பூனைக்குக் கட்டுப்பாடே வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை அது கேட்பதைக் கொடுக்கலாம், உணவின் வகை மட்டும் சரியாக இருந்தால் போதும். தின்பண்டமாக வேகவைத்த கோழித் துண்டோ உறைய வைத்து உலர்த்திய இறைச்சியோ, நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது

இங்கே பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். ஈர உணவுக்கு மாறியதும் பூனை தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போவது குறையும். சர்க்கரை இறங்கிவிட்டது என்று மகிழ்வோம். ஆனால் மூன்று டின்னுக்குள்ளேயே ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. கிண்ணம் குறைவது எதையும் நிரூபிக்காது. உலர் உணவு காலத்தில் நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் நிச்சயமாக அதிகம், 50ஐத் தாண்டினாலே விசாரிக்க வேண்டியது என்ற அளவுகோல், ஈர உணவுக்குப் பிறகு அப்படியே பொருந்தாது.

நம்பத்தக்கவை இவை:

1. மணல் பெட்டியில் சிறுநீர்க் கட்டிகளின் எண்ணிக்கையும் அளவும். முடிந்தால் அள்ளும் கட்டிகளை எடை போட்டுக் குறியுங்கள்.
2. வாரம் ஒருமுறை, ஒரே தராசில் பூனையின் எடை.
3. சிறுநீர்ப் பட்டையில் சர்க்கரையும் கீட்டோனும். கீட்டோன் தெரிந்தால் அன்றே மருத்துவர்.
4. காது நுனியிலிருந்து ஒரு துளி எடுத்து வீட்டில் பார்க்கும் சர்க்கரை. மனிதருக்கான கருவி பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். விலங்குகளுக்கான கருவி இருந்தால் நல்லது. எந்தக் கருவியானாலும் எப்போதும் அதையே பயன்படுத்துங்கள்.
5. மருத்துவமனையில் மறுபடியும் ஃபிரக்டோசமைன்.

குறித்த தேதியில் இவை சரியாகவில்லை என்றால் ஊசிதான். இன்னும் மாவு குறைந்த டின்னைத் தேடிப் போய்க் காலம் கடத்துவதில் பயனில்லை. 4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டுக்கு இறங்குவது, சுரக்காத இன்சுலினைச் சுரக்கவைக்காது.

ஊசி தொடங்கும் நாளில் தேனோ குளுக்கோஸ் பாகோ எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பூனை தள்ளாடினாலோ வெறித்துப் பார்த்தாலோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஊசிக்குழலையும் சரிபாருங்கள். பூனைகளுக்கான சில இன்சுலின்கள் மில்லிலிட்டருக்கு 40 அலகு, மனிதருக்கானவை பெரும்பாலும் 100. ஒன்றுக்கான குழலில் மற்றதை எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு மாறிப்போகும். வீட்டில் அப்பாவோ அம்மாவோ இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், இரண்டையும் தனித்தனிப் பெட்டியில், பெயர் எழுதி வையுங்கள்.

தணிவுநிலைக்கு வந்து ஊசி நின்ற பூனைக்கும் இதே உணவுதான் தொடர வேண்டும். பழைய உலர் உணவுக்குத் திரும்புவது, எடை ஏறவிடுவது, வேறு நோய்க்கு ஸ்டீராய்டு கொடுப்பது ஆகியவை நோயை மீண்டும் கொண்டுவரக்கூடும். சில பூனைகளுக்கு எல்லாம் சரியாகச் செய்தும் திரும்புகிறது. மணல் பெட்டியில் கட்டிகள் பெரிதாகத் தொடங்கினால் அடுத்த தடுப்பூசித் தேதிவரை காத்திருக்காமல், அந்த வாரமே இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.